குறுகினால்தான் வளையும்

அன்புள்ள இனியன்,

படகின் அணியத்துக்காக நீ வளைத்த கட்டை வெளிப்பக்கம் சிலாம்பு கிளம்பி முறிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இன்னும் பலமான மரம் வேண்டுமோ என்று கேட்கிறாய். மரத்தில் குறையில்லை. நீ அதை இழுக்கப் பார்த்திருக்கிறாய்.

வளையும் கட்டையில் ஒன்று வெளிப்பக்கம் நீள வேண்டும், இல்லையேல் உள்பக்கம் குறுக வேண்டும். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின், ஈரத்தோடு 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகும். அப்படி இளகிய நல்ல ஓக் கட்டையை நெருக்கினால் நீளத்தில் கால்பங்குகூடக் குறுகும். இழுத்தாலோ, நூற்றில் இரண்டு பங்கு நீள்வதற்குள் கிழிந்துவிடும். எவ்வளவு நேரம் ஆவி காட்டினாலும் இது மாறாது.

மைக்கேல் தோனெட் என்ற நாற்காலித் தச்சர் இதற்கு வழி கண்டார். கட்டையின் வெளிமுகத்தில் மெல்லிய எஃகுப் பட்டையை வைத்து, இரு முனையிலும் தடுப்பு கொடுத்து இறுக்கினார். வெளிப்பக்கம் நீள வழியில்லை. வளைவு முழுக்க உள்பக்கம் நெருங்குவதால்தான் வந்தாக வேண்டும். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி, பீச் மரத்தை இப்படி வளைத்துச் செய்ததுதான். உன் அணியத்துக்கும் அதே பட்டையைப் போடு.

விலாச்சட்டங்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. அரை அங்குலக் கனம்தானே. அங்கே மரத்தேர்வுதான் முக்கியம். சூளையில் உலர்த்திய மரத்தை வாங்காதே. அதில் லிக்னின் மறுபடி சரியாக இளகாது. பச்சை மரமோ காற்றில் உலர்ந்ததோ போதும். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும். ஓக், ஆஷ் கிடைக்காவிட்டால் மல்பெரி பார். நம் நாட்டு ஹாக்கி மட்டைகளின் வளைவு அந்த மரத்தில் வந்ததுதான்.

ஆவிப்பெட்டியை இறுக மூடாதே, ஆவி வெளியேற ஓட்டை இருக்கட்டும். அழுத்தம் நமக்கு வேண்டாம், பெட்டி வெடிக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. அரை அங்குலத்துக்கு அரை மணி.

வெளியே எடுத்த பிறகு பேச்சுக்கே நேரமில்லை. தோல் கையுறையோடு ஒருவர் சட்டத்தை எடுத்து நீட்ட, படகுக்குள் நிற்பவர் அதன் நடுவைக் காலால் அடிமரத்தின்மேல் மிதித்து, முனைகளை இரு பக்கப் பலகையோடும் அணைத்துத் தள்ள வேண்டும். பலகையின் சாய்வுக்கு ஏற்ப முறுக்குவதும் அந்த நொடியில்தான். ஆண்டு வளையங்கள் பலகைக்கு இணையாக இருக்கும்படி பிடி. எளிதாக வளையும், செப்பு ஆணி அடிக்கும்போதும் பிளக்காது. உடனே கிளாம்ப் போடு.

அச்சில் வளைத்து ஆறவைப்பதானால் தேவைக்குச் சற்று மிகையாகவே வளை. கழற்றியதும் கொஞ்சம் நிமிரும். அதிகமாக வளைந்ததை நிமிர்த்துவது சுலபம். நிமிர்ந்துபோனதை ஆறிய பிறகு வளைத்தால் மறுபடி சிலாம்புதான்.

அன்புடன்,
பெரியப்பா