காணி வாங்கமுன் போய்ப் பார்க்க வேண்டுமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை வீட்டில் இருக்கும் ஒரு கமக்காரக் குடும்பத்திடம் தரகர் வருகிறார். கைத்தொலைபேசியில் ஒரு படம்: கட்டுக்கிணறு, நாலு தென்னை, பின்னால் பச்சை வயல். "கிளிநொச்சிப் பக்கம் ஐயா, இரண்டு ஏக்கர். வேறை ஆக்களும் கேக்கினம். இந்தக் கிழமைக்குள்ளை சொல்லுங்கோ" என்கிறார். பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு வங்கியில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்த கை சும்மா இருந்து பல வருடமாகிவிட்டது. முற்பணம் கொடுப்பதா, போய்ப் பார்ப்பதா?

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறிக் கொழும்புக்கு வந்தவர்கள் நினைத்தபடி வடக்கே போய்வர முடியவில்லை. ஏ9 வீதி 2002 இல் திறந்தது, 2006 இல் மறுபடியும் மூடியது. அந்நாட்களில் கடிதத்தை நம்பி வாங்கியவர்களை நாம் குறைசொல்ல முடியாது. இன்று வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடியமுன் கிளிநொச்சியில் இறங்கலாம். ஆகவே போய்ப் பார்க்கத்தான் வேண்டும். எப்போது போவது, எதைப் பார்ப்பது என்பதைப் படிப்போம்.

தரகர் தை மாதத்தில் கூட்டிப்போக விரும்புவார். மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். நீங்கள் ஆவணியில் போங்கள். வாளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் எங்கே அள்ளுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். (இதற்காகவே வீட்டுக்காரியையும் கூட்டிப்போவது நல்லது, ஆண்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.) யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் உவர்நீருக்கு மேலே தேங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம்வரை போய் 2019 இல் தீர்ப்பானது. இவை ஒன்றும் படத்தில் தெரியாது. வன்னியில் குளத்தின் கீழுள்ள வயலென்றால், சிறுபோகத்துக்கு அந்தக் காணிக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று கமக்காரர் அமைப்பிடம் விசாரியுங்கள். மாரியில் இன்னொருமுறை போக முடிந்தால் வெள்ளம் எங்கே தேங்குகிறது, பாதை தாழ்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது உறுதி. கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் பல காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அரசின் சம்மதமின்றி அவற்றை விற்க முடியாது. அற்றோணித் தத்துவம் எழுதித் தருகிறேன் என்பார்கள். அதனால் காணி உங்களுடையதாகிவிடாது. பிரதேச செயலகத்தில் கேட்டால் அது எந்த வகைக் காணி என்று சொல்வார்கள். உறுதிக் காணியானால் காணிப் பதிவகத்தில் தோம்பு பாருங்கள். தேசவழமை பொருந்தும் காணியில் கூட்டுப் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவருக்கு அறிவிக்காமல் வாங்கினால் பின்னர் வழக்கு வரலாம்.

அளவிலும் கவனம். கொழும்பில் பேர்ச் என்கிறோம், யாழ்ப்பாணத்தில் பரப்பு. வரகுப் பரப்பு ஒன்று 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர்.

காணியில் நின்று எல்லைகளைச் சுற்றி நடவுங்கள். வேலி உறுதியில் சொன்ன இடத்தில்தான் நிற்கிறதா? வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்காவது உண்டா? கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா? யாராவது பயிர் செய்துகொண்டிருந்தால் எத்தனை வருடமாக என்று கேளுங்கள். 10 வருடம் எதிரிடையாக ஆண்டவர் ஆட்சியுரிமை கோரக்கூடும். முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல வருடங்களின் பின்னும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. ஆகவே கிராம அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே பற்றைக்குள் கால் வையுங்கள்.

வயதானவர்கள், நோயாளிகள் போகமுடியாமல் இருக்கலாம். அப்படியானால் அந்த மண்ணில் வேலை செய்யப்போகிறவர் போகட்டும். தரகர் தரும் ஆளை அனுப்பவேண்டாம். போயும் மனம் துணியவில்லையென்றால், வாங்கும் பேச்சை விட்டுவிட்டு ஒரு போகத்துக்குக் குத்தகைக்குக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரையும் அயலவரையும் ஒரு போகத்தில் அறிந்துகொள்ளலாம். குத்தகைக்குக் கொடுக்கவே மாட்டேன், இன்றே வாங்கு என்று நிற்பவரிடம் ஏன் இந்த அவசரம் என்று கேளுங்கள்.