மருந்தாளுநர் ஆக இப்போதே என்ன செய்யலாம்?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஃபார்மசி படிக்க ஆசை. நீட் எழுத வேண்டுமா? இப்போதே எப்படித் தயாராவது?
– ஒரு மாணவி, ராஜபாளையம்

பதில்: நல்ல ஆசை. நீட் வேண்டாம். தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம் உள்ள பிரிவில் சேருங்கள். வேதியியலை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படியுங்கள். கல்லூரியில் அதுதான் அஸ்திவாரம்.

டி.ஃபார்ம் பட்டயப் படிப்பு 2 ஆண்டு, அத்துடன் 500 மணி நேரச் செயல்முறைப் பயிற்சி. பி.ஃபார்ம் பட்டப் படிப்பு 4 ஆண்டு, ஃபார்ம்.டி பட்டப் படிப்பு 6 ஆண்டு. வீட்டில் பண வசதி குறைவு என்றால் டி.ஃபார்ம் முடித்துவிட்டு, பின்னர் பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலிலேயே அருள்மிகு கலசலிங்கம் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரியில் அரசு பி.ஃபார்ம் படிப்பு உண்டு. எங்கே சேர்ந்தாலும் இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத பட்டத்தை வைத்து மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது.

இன்றைக்கே ஒரு பயிற்சி: வீட்டிலுள்ள மாத்திரை அட்டையை எடுங்கள். உதாரணமாக, டோலோ என்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து பாரசிட்டமால். அதன் அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது.

விடுமுறையில் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் அனுமதி கேட்டு, வேலையைக் கவனியுங்கள். ஆனால் யாருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி, அது பதிவுபெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை மதிக்கப் பழகுவதே உங்கள் முதல் பாடம்.