படுத்துச் சுடுவோரின் கை மரத்துப் போகாதிருக்க

50 மீட்டர் ரைபிள் பந்தயத்தில் குப்புறப் படுத்து 60 குண்டுகள் சுடும் ஒருவருக்கு, துப்பாக்கியைத் தாங்கும் கை பந்தயத்தின் நடுவிலே மரத்துப் போவதற்குப் பிரதான காரணம், புஜத்தைச் சுற்றி இறுக்கும் வாரே. புஜத்தின் உட்புறத்தில் ஓடும் இரத்தக்குழாயையும் நரம்புகளையும் அது நசுக்காதபடி, அதன் இழுப்பு வெளிப்புறமாக விழுமாறு திருப்பி, தடித்த மேற்சட்டையின்மீது, நழுவாத அளவுக்கு மாத்திரம் இறுக்குவது உத்தமம். இறுக்க இறுக்க ஸ்திரம் கூடும் என்பது வெறும் பிரமை. துப்பாக்கியின் அடிப்புறத்தில் கையை நிறுத்தும் கைத்தடுப்பு உள்ளங்கையில் உறுத்துமானால், தடித்த கையுறை அணிந்து, அத்தடுப்பைச் சற்றே நகர்த்தலாம். நகர்த்தினால் வாரின் நீளத்தையும் உடனே திருத்த வேண்டும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மரத்தால், பெரும்பாலும் முழங்கையின் உட்பக்க நரம்பே தரையில் அழுந்துகிறது. ஊன்றும் இடத்தைச் சிறிது மாற்றி, விரிப்பையும் கனமாக்குக. சுட்டு முடிந்த பின்னும் மரப்பு நெடுநேரம் நீடித்தால், வைத்தியரிடம் காட்டுவதே விவேகம்.