புட்டியில் அடைக்கும் உணவும் பிரஷர் குக்கரும்

விளைச்சல் பெருகிய காலத்தில் காய்கறி விலைபோகாமல் வீணாவதும், மீன்பாடு மிகுந்த நாளில் மீன் மலிந்து கழிவதும் நாம் காணும் காட்சிகளே. மிகுந்ததைப் புட்டியில் அடைத்துக் குக்கரில் வேகவைத்துச் சேமித்தால் என்ன என்று புதுவை வட்டார மகளிர் குழுவினருக்குத் தோன்றுதல் இயல்பே. ஆயினும், இதிலுள்ள அபாயத்தை முதலில் அறிதல் வேண்டும்.

வரலாறு

புதுவை 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இக்கலைக்கு வித்திட்டோரும் பிரெஞ்சுக்காரரே. நீராவியை அடைத்துச் சமைக்கும் கலத்தை 1679-இல் தெனி பாப்பேன் அமைத்தார். உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை 1810-இல் வெளியிட்டவர் நிக்கோலா அப்பேர். அதற்குப் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்கு பரிசளித்தது. உணவைக் கெடுப்பவை நுண்கிருமிகளே என்பதைப் பின்னர் லூயி பாஸ்தேர் விளக்கினார்.

புலப்படாத நஞ்சு

கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் கிருமி மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீரிலும் மடிவதில்லை. புளிப்பற்ற உணவை அடைத்த, காற்றில்லாத புட்டியினுள் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். உணவின் நாற்றமும் நிறமும் மாறாமலே இருக்கலாம். உண்டவரின் நரம்புகள் தளர்ந்து மூச்சும் நின்றுவிடக்கூடும்.

சமையல் குக்கர் போதாதா?

கடல்மட்டத்தில் உள்ள புதுவையில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி வெப்பம் அடையும். அவ்வெப்பத்தில் வித்துகள் மடியும். எனினும் சமையல் குக்கர் சிறியது. விரைவில் சூடேறி விரைவில் ஆறுவது. சோதித்து வகுத்த கால அளவுகளோ, அழுத்தமானியுடன் கூடிய பெரிய கலங்களுக்கு உரியவை. அக்கலங்களிலும் 10 நிமிடம் ஆவியை வெளியேற்றிய பின்னரே வால்வை அடைக்க வேண்டும்; உள்ளே காற்று தங்கினால் வெப்பம் குறையும். ஆதலின், விசிலை எண்ணிப் புட்டியடைத்தல் ஆகாது.

செய்யத்தக்கவை

1. மீன், இறைச்சி, அவரை, வெண்டை, பட்டாணி ஆகியவற்றைச் சமையல் குக்கரில் புட்டியடைக்க வேண்டாம். மீனைக் கருவாடாக்கலாம், காயை வற்றல் போடலாம்.

2. நசுக்கிக் கொதிக்கவைத்த தக்காளியை, அரை லிட்டர் புட்டிக்குக் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்த்து அடைத்து, புட்டி மூழ்கும் கொதிநீரில் 35 நிமிடம் வைக்கலாம்.

3. பப்பாளிக்குப் புளிப்பு போதாது. அமிலம் சேர்க்காமல் அடைத்தல் தவறு.

4. மூடி உப்பிய புட்டியைச் சுவைத்துப் பார்க்காமல் அகற்றுக.

5. அன்றாடச் சமையலிலும் குக்கரின் ஆவித் துளையைத் தூய்மை செய்க; ஆவி தானே அடங்கிய பின்னரே மூடியைத் திறக்க.

பஞ்சாயத்தின் பணி

குழுவினர் இத்தொழிலை மேற்கொள்ள விரும்பினால், குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறச் செய்தல் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும். விற்பனைக்கு முன், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் பெற வேண்டும். சேமிப்பு நல்லதே, உயிரைக் காத்துச் சேமிப்பதே மேலானது.