நெகட்டிவ் சப்ளை: பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

ஆப்-ஆம்ப் வைத்து ஒரு சின்ன பிரீஆம்ப் செய்யலாம் என்று உட்காரும் மாணவரைத் திகைக்க வைப்பது, சர்க்யூட் படத்தின் அடியில் எழுதியிருக்கும் "−12 வோல்ட்". கையில் இருப்பதோ ஒரே ஒரு அடாப்டர். பூஜ்ஜியத்துக்கும் கீழே எப்படிப் போவது? கடைக்காரர் ஒன்று சொல்வார், சீனியர் ஒன்று சொல்வார். இப்படிக் கைமாறி வந்த நம்பிக்கைகளில் பாதி தவறு. புதிதாகச் சாலிடரிங் அயர்ன் பிடிக்கும் பிள்ளைகளின் பணமும் ஆர்வமும் வீணாவது இவற்றால்தான்.

"அடாப்டரின் மைனஸ் வயர்தானே நெகட்டிவ் சப்ளை?" இல்லை. மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. வோல்டேஜ் என்பது ஏதோ ஒரு வயருக்குள் இருக்கும் பொருள் அல்ல; இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. எந்தப் புள்ளியை நாம் பூஜ்ஜியம் என்று வைக்கிறோமோ, அதைவிட உயர்ந்தது பிளஸ், தாழ்ந்தது மைனஸ். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை எடுத்து, ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸோடு சேருங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கடைசி மைனஸில் வைத்து அளந்தால் நடு இணைப்பில் 9, மறுகோடியில் 18. இப்போது கறுப்பு முனையை நடு இணைப்புக்கு மாற்றுங்கள். ஒரு கோடியில் +9, மறுகோடியில் −9. பேட்டரிகளில் ஒன்றும் மாறவில்லை, கறுப்பு முனை வைத்த இடம்தான் மாறியது. அந்த நடு இணைப்பை கிரவுண்ட் ஆக்கினால் நெகட்டிவ் சப்ளை தயார். முதல் பிராஜெக்டுக்கு இதைவிடச் சுத்தமான, இரைச்சல் இல்லாத வழி கிடையாது.

தொலைபேசி நிலையங்கள் காலங்காலமாக −48 வோல்ட்டில் இயங்குகின்றன. அங்கே பேட்டரியின் பிளஸ் முனையை எர்த் செய்துவிடுவார்கள். ஈர மண்ணில் புதைத்த செம்புக் கேபிள் மின்வேதி அரிப்பில் கரையாமல் இருக்க இந்த ஏற்பாடு. பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது என்பது வடிவமைப்பவரின் முடிவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அடுத்தது, ஆப்-ஆம்ப் என்றாலே நெகட்டிவ் சப்ளை கட்டாயம் என்ற எண்ணம். இதற்குக் காரணம் நம் பாடப்புத்தகங்கள். 1968இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741ஐயும் அதன் ±15 வோல்ட் சப்ளையையும் வைத்தே கல்லூரிகள் இன்றும் ஆய்வகம் நடத்துகின்றன. எல்.எம். 358ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3 முதல் 32 வோல்ட் வரை ஒற்றை சப்ளையிலேயே ஓடும். உள்ளீடு கிரவுண்ட் வரை இறங்கினாலும் சமாளிக்கும். வெப்பநிலை சென்சார், வெளிச்ச சென்சார் போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் டி.எல். 072ஐ அப்படியே அதன் இடத்தில் செருகிவிட முடியாது. அதன் உள்ளீடு நெகட்டிவ் சப்ளைக்கு ஏறக்குறைய 4 வோல்ட் மேலே இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. ஆகவே உங்கள் சிக்னல் உண்மையிலேயே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறதா என்று முதலில் பாருங்கள். போகவில்லை என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம்.

"இரண்டு ரெசிஸ்டர் போட்டால் நடுவில் கிரவுண்ட் கிடைத்துவிடும்" என்பது பாதி உண்மை. 12 வோல்ட்டுக்குக் குறுக்கே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்தால் நடுவில் 6 வோல்ட் இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து அடிப்பக்கத்துக்கு 1 மில்லிஆம்பியர் இழுத்துப் பாருங்கள். 6 வோல்ட் 1 வோல்ட்டாகச் சரிந்துவிடும். நடுப்புள்ளி ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக்கு மட்டும் போகிறது, சிக்னல் கெப்பாசிட்டர் வழியாக வருகிறது என்றால் இது தாராளமாகப் போதும். கிரவுண்ட் வழியாகக் கரன்ட் திரும்ப வேண்டிய சர்க்யூட்டில் அந்த நடுப்புள்ளிக்குப் பின்னால் ஒரு ஆப்-ஆம்பை பஃபராக வையுங்கள், அல்லது இதற்கென்றே செய்த டி.எல்.இ. 2426ஐ வாங்குங்கள். அதுவும் 20 மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும்.

பேட்டரிக்குப் பதில் இரண்டு அடாப்டர்களை அதேபோல் தொடராக இணைக்கலாமா? இரண்டும் ஒன்றையொன்று மின்வழியில் தொடாதவை என்றால் இணைக்கலாம். ஒரே பவர்பேங்கின் இரண்டு யு.எஸ்.பி. போர்ட்டுகளை இணைக்கவே கூடாது. இரண்டு போர்ட்டுக்கும் மைனஸ் ஒன்றே. ஒன்றின் பிளஸை மற்றதன் மைனஸோடு சேர்த்தால் அது நேரடி ஷார்ட். மூன்று முள் பிளக் உள்ள அடாப்டர்கள் சிலவற்றில் வெளியீட்டு மைனஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தாலும் கதை அதேதான். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, எர்த் முள்ளுக்கும் வெளியீட்டு மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்த்துவிடுங்கள்.

ஒரே சப்ளைதான் இருக்கிறது, மைனஸ் வேண்டும் என்பவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஐ.சி.எல். 7660. அருமையான எட்டுக் கால் சில்லு. 2, 4 கால்களுக்கு இடையே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 5ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொன்று, அவ்வளவுதான். முதல் கெப்பாசிட்டரை உள்ளீட்டில் சார்ஜ் செய்து, அப்படியே கழற்றித் தலைகீழாக இரண்டாவதன் மேல் மாட்டுகிற வேலையை அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கிறது. "5 வோல்ட் கொடுத்தால் −5 வோல்ட் வரும்" என்பது சுமை இல்லாதபோது உண்மை. அது ரெகுலேட்டர் அல்ல. உள்ளே சுமார் 55 ஓம் ரெசிஸ்டர் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். 20 மில்லிஆம்பியர் இழுத்தால் −5 என்பது −3.9 ஆகிவிடும். ஓரிரண்டு ஆப்-ஆம்புக்குச் சரி. மோட்டாருக்கோ ஸ்பீக்கருக்கோ ஆகாது. உள்ளீட்டில் 10 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது; 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் சில்லு போய்விடும். கிடார் பெடல் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதன் ஆசிலேட்டர் ஓடுவது 10 கிலோஹெர்ட்ஸில், காதுக்குக் கேட்கும் எல்லைக்குள். அந்த ‘கீச்’ ஒலி ஆம்பில் நன்றாகவே கேட்கும். மேக்ஸ் 1044 வாங்கி அதன் முதல் காலை பிளஸோடு இணைத்தால் வேகம் சுமார் ஆறு மடங்காகி, ஒலி காதுக்கு எட்டாமல் போய்விடும்.

555ஐயும் இரண்டு டையோடுகளையும் வைத்து இதையே செய்யலாம். ஆனால் 9 வோல்ட் கொடுத்து −9ஐ எதிர்பார்க்காதீர்கள். 555இன் வெளியீடு சப்ளையை முழுதாகத் தொடாது, டையோடுகள் ஆளுக்கு 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். −6 கிடைத்தால் நல்ல காலம்.

"7905 போட்டால் −5 வந்துவிடும்" என்று நம்பிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். 7905 எதையும் மைனஸாக மாற்றாது. ஏற்கெனவே −8, −9 என்று இருப்பதைச் சீராக்கி −5 ஆக நிறுத்தும், அவ்வளவே. அந்த மைனஸை உண்டாக்க நம் ஊரில் எளிய வழி 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர்தான். நடு வயரைப் பூஜ்ஜியமாக வைத்து, பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் போட்டால் இருபுறமும் சுமார் 16 வோல்ட் கிடைக்கும். 7812, 7912 இரண்டும் அதிலிருந்து ±12 தரும்.

இங்கேதான் கை தவறும். 78 வரிசையில் கால்கள் உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. 79 வரிசையில் கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. உருவம் அச்சு அசலாக ஒன்றுதான் என்பதால் பழக்கத்தில் தவறாக மாட்டிவிடுகிறோம். 78இன் முதுகுத் தகடு கிரவுண்ட். 79இன் தகடு உள்ளீடு. மைக்கா தகடு இல்லாமல் இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் முடுக்கினால் ஷார்ட்தான். அதோடு, நெகட்டிவ் பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும், கோடு போட்ட மைனஸ் கால் −16 வோல்ட் பக்கம். கிரவுண்ட் எப்போதும் மைனஸ் என்று மனதில் பதிந்துவிட்டவர்கள் இதைத் திருப்பி மாட்டுகிறார்கள். கெப்பாசிட்டர் சூடேறி வெடிக்கிறது. கண்ணுக்கு ஆபத்து.

பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நீல வயரில் −12 வோல்ட் இருப்பது உண்மைதான். ஆனால் மஞ்சள் வயரின் +12 அளவுக்கு அது வலுவானதல்ல. பெரும்பாலும் 1 ஆம்பியருக்கும் குறைவு. பெட்டியின் லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள், படித்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் செய்தாலும், ஆப்-ஆம்பை சாக்கெட்டில் செருகும் முன் சப்ளையை மட்டும் ஆன் செய்யுங்கள். கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, 741 போன்ற எட்டுக் கால் ஒற்றை ஆப்-ஆம்ப் என்றால் சாக்கெட்டின் 7ஆம் காலில் பிளஸும் 4ஆம் காலில் மைனஸும் வருகிறதா என்று அளந்துவிட்டு, ஆஃப் செய்து, பிறகு சில்லை வையுங்கள்.