தோற்ற குழந்தை ஏன் ‘நான்தான் ஃபர்ஸ்ட்’ என்கிறாள்?

கேள்வி: என் மகளுக்கு நாலே கால் வயது. போன மாதம் எங்கள் ஊர் மாலில் நடந்த ‘குட்டி இளவரசி’ அழகுப் போட்டியில் கலந்துகொண்டாள். வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் ராம்ப் வாக், கையசைப்பு, பறக்கும் முத்தம் எல்லாம் பிரமாதமாகச் செய்தவள், மேடையில் பாதி தூரம் போய் அப்படியே நின்றுவிட்டாள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. எங்களுக்குத்தான் வருத்தம். அவளோ அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் ‘நான்தான் ஃபர்ஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். பொய் சொல்லாதே என்று கண்டித்தால் அழுகிறாள். ‘தோல்வியை ஏத்துக்கப் பழக்கு’ என்கிறார் என் நாத்தனார். அவள் ஏன் இப்படிச் சொல்கிறாள்? கிருஷ்ண ஜெயந்திக்கு இன்னொரு போட்டி வருகிறது. அனுப்பலாமா?

– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: அன்புச் சகோதரி, ‘எங்களுக்குத்தான் வருத்தம்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் பொய் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவைப்போம். பொய் சொல்ல வேண்டுமென்றால் உண்மை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகள் தோற்றதை மறைக்கவில்லை. தான் தோற்றதே அவளுக்குத் தெரியாது. அன்றைய நாளை அவள் உயரத்திலிருந்து பாருங்கள். புது கவுன். மைக்கில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட்டம் கை தட்டியது. கடைசியில் ஓர் ஆன்ட்டி தலையில் பிளாஸ்டிக் கிரீடம் வைத்து, கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டார். (இத்தகைய போட்டிகளில் வந்தவர்களுக்கெல்லாம் கிரீடம் தருவது வழக்கம், உங்கள் ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்கும்.) கிரீடம் வைத்தவள் இளவரசி. இந்த வாதத்தில் நான் எவ்வளவு தேடியும் ஓட்டை தெரியவில்லை. சான்றிதழில் ‘பங்கேற்றமைக்காக’ என்று அச்சடித்திருப்பது உண்மைதான், ஆனால் அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாதே.

‘மியூசிக்கல் சேரில் நாற்காலி கிடைக்காவிட்டால் அப்படி அழுகிறாளே, அப்போது தோல்வி தெரிகிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே தோல்வி கண்ணுக்குத் தெரிகிறது. எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், தான் மட்டும் நிற்கிறாள். ஓட்டப் பந்தயத்திலும் முன்னால் ஓடுகிறவனின் முதுகு தெரியும். அழகுப் போட்டியில் அப்படிக் கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது? மூன்று பெரியவர்கள் தாளில் ஏதோ எழுதுகிறார்கள். ‘இவளுக்கு 7, அவளுக்கு 8’ என்பது அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தன்னை இன்னொரு குழந்தையின் பக்கத்தில் நிறுத்தி, ‘அவளைவிட நான் எப்படி?’ என்று எடைபோடத் தெரிய வேண்டும். உளவியலில் இதைச் ‘சமூக ஒப்பீடு’ என்பார்கள்; அடுத்தவரை வைத்துத் தன் தகுதியைக் கணிப்பது என்று பொருள். நாலு வயதில் அந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

1980-இல் அமெரிக்க உளவியலாளர் டயான் ரூபிளும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பந்து எறிகிற ஒரு விளையாட்டு. தான் எறிந்தது நன்றாக இருந்ததா இல்லையா என்று குழந்தைக்கே உறுதியாகத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் எப்படி எறிந்தார்கள் என்ற தகவலை மட்டும் சொல்லிவிட்டு, ‘நீ எப்படி?’ என்று கேட்டார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகளின் பதிலை அந்தத் தகவல் பெரிதாக மாற்றவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் அப்படித்தான். நாலாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அதை ஒழுங்காகக் கணக்கில் எடுத்துக்கொண்டு தங்களை மதிப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பொதுவாகத் தங்களைப் பற்றி ஏகப்பட்ட நம்பிக்கையோடு இருப்பார்கள். எல்.கே.ஜி. வகுப்பில் போய் ‘யார் நல்லா ஓடுவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அத்தனை கையும் தூக்கப்படும். இந்த மிதப்பு அந்த வயதுக்குத் தேவையும்கூட. பத்துத் தடவை கீழே விழுந்தும் பதினோராவது தடவை சைக்கிளில் ஏறச் சொல்வது அதுதான்.

ஆகவே நாத்தனாரிடம் சொல்லுங்கள்: தோல்வியை ஏற்றுக்கொள்ளும் பாடம் நல்ல பாடம்தான், வகுப்பு மட்டும் மாறிவிட்டது. இப்போதைக்கு மியூசிக்கல் சேரிலும் பரமபதத்திலும் பழகட்டும்.

அடுத்தது, மேடையில் நின்றுபோனது. இதற்கு எல்லோரும் உடனே ஒட்டும் சீட்டு ‘கூச்ச சுபாவம்’. வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் ஆடிக் காட்டுகிற பிள்ளைக்குக் கூச்ச சுபாவம் எங்கிருந்து வந்தது? வேறு இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன்.

ஒன்று, உங்கள் முகம். புரியாத இடத்தில் மாட்டிக்கொண்ட குழந்தை, தெரிந்த ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். இதற்கு ‘சோஷியல் ரெஃபரன்சிங்’ என்று பெயர். 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு கண்ணாடித் தளத்தின் மேல் விட்டார்கள். தளத்தின் மறுபாதிக்கு அடியில் பள்ளம் இருப்பது போலத் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்துவிட்டார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. நாலு வயதிலும் இந்தப் பழக்கம் போய்விடுவதில்லை. மால் மேடையில் விளக்கு அவள் கண்ணில் அடிக்கிறது, நீங்கள் இருட்டுப் பக்கம் இருக்கிறீர்கள். கண்டுபிடித்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம்; நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வீடியோ எடுத்திருப்பீர்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் செல்போன்.

இரண்டாவது காரணம், கட்டளைகளின் எண்ணிக்கை. நட, நில், சிரி, திரும்பு, முத்தம் கொடு. ஐந்தையும் செய்து முடிக்கும்வரை மனத்தில் பிடித்துவைக்கும் திறனைச் ‘செயல் நினைவு’ என்கிறோம். நாலு வயதில் அது மிகச் சிறியது. வீட்டில் செய்தாளே என்றால், வீட்டில் நீங்கள் பக்கத்தில் நின்று ‘ம், இப்ப திரும்பு… இப்ப கை’ என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். மேடையில் அந்தக் குரல் இல்லை. ‘நட’ வரைக்கும் ஞாபகம் இருந்தது, நடந்தாள். அடுத்து என்ன என்று தெரியவில்லை, நின்றாள்.

சரி, எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்? இரண்டு வயதுக்குள் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. புது முகத்தைப் பார்த்து வீறிடுவது அந்த வயதில் வளர்ச்சியின் அடையாளம். நடுவர் அதற்கு மதிப்பெண் குறைத்தால் நடுவருக்குத்தான் விஷயம் தெரியவில்லை. மூன்று வயதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்: ‘வா’, அல்லது ‘டாட்டா சொல்லு’. நாலு, ஐந்தில் தெரிந்த பாட்டின் நாலு வரி பாடலாம், ஒரு வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கலாம். ஆனால் கேமராவுக்காகச் சிரிப்பை அப்படியே வைத்திரு என்றால் முடியாது. ‘சிரி’ என்றதும் ‘ஈ’ என்று பல்லைத்தான் காட்டுவார்கள். லிப்ஸ்டிக் போட்ட மறு நிமிடம் நக்கிவிடுவார்கள். நெட் துணி இடுப்பில் உறுத்தினால் கவுனைத் தூக்கிச் சொறிவார்கள். ஏழெட்டு வயதில் ஒத்திகை, வரிசை, முறை எல்லாம் பிடிபடும். ஆனால் ஒப்பீடும் அப்போதுதான் மெல்லக் கண் திறக்கிறது. மேடைக்குத் தயாராகிற வயதில்தான் தோல்வியும் வலிக்கத் தொடங்குகிறது.

எல்லா வயதுக்கும் பொருந்துவது நேரக் கணக்கு. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். சினிமாவிலும் டிவியிலும் நடிக்கும் குழந்தைகளுக்கென்று 2017-இல் வந்த மத்திய அரசு விதிகள், ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. சம்பளம் வாங்கும் குழந்தைக்கே இந்த வரம்பு. காலை 9 மணிக்கு மேக்கப்புக்கு வரச் சொல்லி மாலை 5 மணிக்கு ரிசல்ட் சொல்கிற போட்டிக்கு நாம் கட்டணம் கட்டி அனுப்புகிறோம்.

தோல்விதான் அவளுக்குத் தெரியவில்லையே, பிறகு என்ன கெடுதல் என்று கேட்டுவிடாதீர்கள். எனக்குக் கவலை மேடைக்குப் பின்னால்தான். ‘கொஞ்சம் மாநிறம்தான், ரெண்டு ஷேடு ஏத்திடலாம்’ என்று மேக்கப் ஆன்ட்டி சொல்கிறார். ‘முன்பல் விழறதுக்குள்ள போட்டோ எடுத்துடுங்க’ என்கிறார் இன்னொருவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு மதிப்பெண் புரியாது. ஆனால் தன் முகத்தில் ஏதோ சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்பது நன்றாகவே புரியும். யாருக்கு மாமி மூக்கு, யார் கறுப்பு என்று வீட்டில் பேசுவதைக் கேட்டு வைத்துக்கொள்வது போலவே இதையும் கேட்டு வைத்துக்கொள்வாள். ஏழெட்டு வயதில் ஒப்பிடத் தொடங்கும்போது, எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்பது முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும்.

குழந்தைக்கு மதிப்பெண் போடும் ஆசை புதிதல்ல. 1911-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கண்காட்சியில், கால்நடைகளுக்கு மதிப்பெண் போடும் முறையைப் பார்த்துக் குழந்தைகளுக்கும் அட்டை தயாரித்துப் போட்டி நடத்தினார்கள். அங்கே பார்த்தது உடல்நலமும் வளர்ச்சியும். நம்மூர்க் கண்காட்சிகளின் கொழுகொழு குழந்தைப் போட்டியும் அந்த வகைதான். எடையை அளந்த இடத்தில் இப்போது அழகை அளக்கிறோம். பிரான்சில் 2014-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, தோற்றத்தை வைத்து நடத்தும் போட்டிகளில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை நிறுத்தவே கூடாது. எனக்கு அந்தச் சட்டத்தோடு சண்டையில்லை.

கிருஷ்ண ஜெயந்திப் போட்டிக்குத் தாராளமாக அனுப்புங்கள், வேடப் போட்டியாக இருந்தால். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை பாவனை விளையாட்டின் பொற்காலம். ராதையாகவோ கிருஷ்ணனாகவோ இருப்பது அவளுக்கு விளையாட்டு. பார்ப்பவர்கள் மதிப்பிடுவது வேடத்தை. மயிலிறகு கோணலானால் யாரும் அவள் மூக்கைக் குறை சொல்லப் போவதில்லை. போகும் முன் நடத்துகிறவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அவள் முறை எத்தனை மணிக்கு வரும்? மேடை ஓரத்தில், அவள் கண்ணில் படும்படி நீங்கள் நிற்கலாமா? பாதியில் கூட்டிக்கொண்டு போகலாமா? மூன்றில் ஒன்றுக்கு ‘அதெல்லாம் முடியாதுங்க’ என்று பதில் வந்தால், வீட்டிலேயே வேடம் போட்டு வெண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

அதுவரை, ‘நான்தான் ஃபர்ஸ்ட்’ என்று சொன்னால் திருத்தவும் வேண்டாம், ‘ஆமாம்டா செல்லம்’ என்று ஆமோதிக்கவும் வேண்டாம். ‘மேடையில உனக்கு எது பிடிச்சது?’ என்று கேளுங்கள். அனேகமாக அங்கே கொடுத்த ஜூஸைப் பற்றிச் சொல்வாள்.