ஐப்பசி மழைக்கு முன்: நீர்த்தோட்டம் வைத்திருப்போர் கவனத்துக்கு

புரட்டாசி முடியப்போகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கினால் டிசம்பர் வரை பெய்யும். மாடியில் தாமரைத் தொட்டியோ முற்றத்தில் அல்லிக் குளமோ வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்ட வேலைகளை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

தொட்டி: விளிம்புக்கு நான்கு விரல் கீழே வழிதுளை போடுங்கள். அதற்கு வலை கட்டுங்கள். 200 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. மாடியில் தூண், உத்திரம் உள்ள இடம் பார்த்து வையுங்கள்.

தாமரை: உரத்தை நிறுத்துங்கள். மஞ்சளான இலைகளை மட்டும் நறுக்குங்கள். கிழங்கு பிரிப்பதை மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அல்லி: அழுகிய இலை, பூக்காம்பை அடியோடு எடுங்கள். தினம் ஐந்தாறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் பூக்காது, இடம் மாற்றுங்கள்.

மண்: குளத்து வண்டல் அல்லது களிமண். தென்னைநார்க் கழிவு வேண்டாம், மிதக்கும்.

அசுவினி: தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும். மீன் உள்ள தொட்டியில் வேப்பெண்ணெய் தெளிக்காதீர்கள்.

கொசு: முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். தொட்டிக்கு நாலைந்து கப்பி மீன் விடுங்கள். அவை தொட்டியைத் தாண்டக் கூடாது.

இனி முக்கியமான சேதி. ஆகாயத்தாமரை வைத்திருப்பவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

சென்ற ஆண்டு முதல் கனமழையிலேயே எங்கள் வட்டாரத்தில் ஒரு மதகு அடைத்துக்கொண்டது. தண்ணீர் வடிய வழியின்றி, நட்டு மூன்று வாரம்கூட ஆகாத சம்பாப் பயிர் மூழ்கி அழுகியது. மதகிலிருந்து ஆட்கள் இறங்கி வாரியெடுத்தது முழுக்க ஆகாயத்தாமரை.

ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள். காம்பு உப்பி, அழுத்தினால் பஞ்சாக அமுங்கும், உள்ளே காற்று. அடியில் கறுத்த வேர்க்கொத்து. பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனியில் ஏற்கெனவே இரண்டு இலையோடு ஒரு குட்டி நிற்கும். சூடும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் செடி இரட்டிக்கும். ஒன்று பன்னிரண்டு வாரத்தில் 64 ஆகும். விதையோ சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடிதான் இது. இன்று கோவைக் குளங்களையும் தாமிரபரணியையும் மூடிக் கிடக்கிறது.

ஆகவே: ஆகாயத்தாமரையை வாய்க்காலில் போடாதீர்கள். ஏரியில் விடாதீர்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள். "உயிருள்ள செடி, குப்பையில் போட மனசு வரவில்லை" என்று வாளியில் கொண்டுபோய்க் குளத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புண்ணியம் இல்லை. கடைமடைக்காரர் வயிற்றில் அடிக்கிற காரியம்.

செய்ய வேண்டியது எளிது. பூ வாடுமுன் கிள்ளுங்கள். செடியை வேரோடு எடுத்து, தண்ணீர் ஓடாத மேட்டில், வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்து, மொறமொறவென்று காயும்வரை வெயிலில் போடுங்கள். பிறகு எருக்குழி. தொட்டியைக் கழுவிய சேற்றுத் தண்ணீரையும் தெருவில் ஊற்றக் கூடாது. விதை அதில்தான் இருக்கும். தென்னம்பாத்தியிலோ வாழையடியிலோ ஊற்றுங்கள்.

"மாடித் தொட்டியில் இருப்பது எப்படிக் குளத்துக்குப் போகும்?" என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறீர்கள். ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம்: வலை கட்டாத துளை வழியே குட்டிச்செடி மழைக்குழாயில் இறங்கும், குழாய் தெருவுக்கு, தெரு வாய்க்காலுக்கு, வாய்க்கால் ஏரிக்கு. வலை கட்டச் சொன்னது அதற்குத்தான்.

ஆகாயத்தாமரையை எடுத்த இடத்தில் என்ன வைப்பது? நம் ஊர்ச் செடிகளே போதும். நடுவில் அல்லி, விளிம்பில் வசம்பு, ஈரமான ஓரத்தில் வல்லாரையும் நீர்ப்பிரம்மியும். எதை வைத்தாலும் நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது வெயில் படத் திறந்திருக்கட்டும்.

நாற்றுப்பண்ணையில் வாங்கும்போது செடியின் வேரை அலசிப் பாருங்கள். ஆகாயத்தாமரைக் குட்டி ஒட்டிக்கொண்டு வரும். இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இருப்பதை முதல் மழைக்கு முன் எடுத்துக் காயப்போட்டுவிடுங்கள். மழை இறங்கியபின் அலுவலகத்துக்குப் போன் செய்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.